விதைக்கு விட்ட காய்

“மாசியிலே வந்தேன். வைகாசி பிறந்தாச்சு. இன்னும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லித் தரலையேம்மா” என்றார் கொம்பையா.

மொழியம்மா பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சுரைக்கொடியின் தூரில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“கொடி காய்க்கட்டும் அண்ணாச்சி.”

“காய்ச்சா?”

“ஒரு காய் கண்ணுல படட்டும். அன்னைக்குப் பேசுவோம்.”

அவ்வளவுதான். காலி வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அவருடைய முழுப்பெயர் குழல்வாய்மொழி. பெயர்தான் நீளம், பேச்சு குட்டை. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீடு, பின்பக்கம் காய்கறித் தோட்டம், சமையலுக்கும் துணைக்கும் பகவதி என்ற பெண். மனசில் ஏதாவது அரிக்கிறவர்கள் அவரைத் தேடி வருவார்கள். ஒரு வார்த்தை கிடைத்தால் வாங்கிக்கொள்வார்கள். கிடைக்காவிட்டால் மோர் குடித்துவிட்டுப் போவார்கள்.

கொம்பையா மோர் குடித்துவிட்டுப் போகிற ஆள் இல்லை.

அறுபதைத் தாண்டியவர். அவர் ஊரில் கைராசிக்காரர் என்றால் அவரைத்தான் சொல்வார்கள். வாழைக்கன்று ஊன்றுவதானாலும் கிணறு தோண்டுவதானாலும் முதல் கை அவருடையதாக இருக்கவேண்டும். கொம்பையா தொட்டால் பட்டுப்போன குச்சியும் துளிர்க்கும் என்று ஊரே சொன்னது. ஊர் சொன்னதை அவரும் நம்பினார்.

மொழியம்மாவிடம் உபதேசம் வாங்காமல் திரும்பமாட்டேன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வந்த புதிதில், தோட்டத்தில் பெரிய கத்தரிக்காய் ஒன்றைப் பறிக்கப் போனார். பகவதி ஓடிவந்து தடுத்தாள்.

“துணி கட்டியிருக்குல்லா? பாக்கலையா?”

காம்பில் ஒரு சேலைக் கிழிசல் கட்டியிருந்தது.

“அம்மா கட்டினது. விதைக்கு விட்ட காய். துணி கட்டினா இந்த வீட்ல யாரும் பறிக்கக்கூடாது. எம்புட்டுப் பசிச்சாலும்.”

அன்றுதான் மொழியம்மா அவருக்குச் சுரை விதை கொடுத்தார். சாம்பலில் புரட்டித் தேங்காய்ச் சிரட்டையில் வைத்திருந்த விதை. “குண்டுச் சுரை. நல்லா வரும்” என்றார்.

நன்றாகத்தான் வந்தது. பந்தலேறி, வெள்ளைவெள்ளையாய்ப் பூத்து, பிஞ்சும் வைத்தது. கொம்பையா நடையே மாறிவிட்டது.

பிறகு கத்திரி வெயில் பிடித்தது.

பிஞ்சு ஒவ்வொன்றாக மஞ்சளாகி, வெம்பி, கீழே விழுந்தது. கொம்பையா இரண்டு வேளைக்கு நாலு வேளை தண்ணீர் ஊற்றினார். புளித்த மோரைக் கரைத்துத் தெளித்தார். கண் பட்டிருக்கும் என்று தன் பழைய செருப்பில் ஒன்றைப் பந்தலில் கட்டித் தொங்கவிட்டார். மற்றதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் வெறுங்காலோடு திரிந்தார். விழுந்த பிஞ்சுகளை யாரும் பார்க்குமுன் பொறுக்கி மண்ணுக்குள் தள்ளினார்.

“பிஞ்சு நிக்குதா அண்ணாச்சி?” என்று மொழியம்மா கேட்டார்.

“நிக்கும்மா. நிக்கும்.”

அந்த வாரம் பகவதி அம்மியில் மசாலா அரைத்தபடி சொன்னாள்.

“சாரல் இந்த வருசம் சீக்கிரம் வந்துரும்போல. மலையில மேகம் இறங்குது.”

“வரட்டுமே. கொடிக்கு நல்லதுதானே.”

“கொடிக்கு நல்லது. உங்களுக்குத்தான் கெட்டது. முதல் சாரல் விழுந்தா அம்மா வாயை மூடிருவாங்க. வருசாவருசம் அப்படித்தான். பிறகு கார்த்திகை கழிஞ்சுதான் பேச்சு.”

 கார்த்திகை வரைக்கும் கொம்பையா இங்கே கிடக்க முடியாது. சும்மா திரும்பிப் போனால் டீக்கடையில் என்ன சொல்வது? கைராசிக்காரர் ஊன்றிய கொடி கருகிப்போச்சாம், அம்மா வாயே திறக்கலையாம்.

சந்தை நாள் வந்தது. மத்தியானம், வெயிலுக்குப் பயந்து வீடே தூங்கிக்கொண்டிருந்தபோது, அவர் கிளம்பினார். நல்ல சுரைக்காயாக, காம்போடு ஒன்று பொறுக்கினார். சந்தையில் இருந்ததெல்லாம் நீளச் சுரை. குண்டுச் சுரை கிடைக்கவில்லை.

காய்க்கு எவன் அளவெடுத்துப் பார்க்கப்போகிறான் என்று நினைத்தார்.

துண்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்தார். பந்தலுக்குள் புகுந்து, கொடியோடு காம்பைச் சேர்த்து வாழைநாரால் இறுக்கிக் கட்டினார். முடிச்சின் மேல் ஓர் இலையை இழுத்துவிட்டார். தள்ளி நின்று பார்த்தார். அவருக்கே அது காய்த்த காய் மாதிரிதான் தெரிந்தது.

சாயங்காலம் மொழியம்மாவைக் கூப்பிட்டார்.

“வந்து பாருங்கம்மா.”

பகவதியும் கூடவே வந்தாள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

“அம்மா குடுத்தது குண்டுச் சுரைல்லா? இது என்ன முருங்கைக்காய்க்குப் பங்காளி மாதிரி நீளமா தொங்குது?”

“வெயிலுக்கு நீண்டுட்டு” என்றார் கொம்பையா.

“வெயிலுக்கா?”

“ஆமா. உள்ள இருக்க சூட்டுக்கு.”

சொல்லி முடிக்குமுன்பே அவர் காது சூடேறியது. அறுபதைத் தாண்டிய வயசில் இப்படி ஒரு பொய் சொல்வோம் என்று அவர் நினைத்ததே இல்லை.

மொழியம்மா பந்தலுக்குள் குனிந்தார். காயின் மேல் கை வைத்தார். கை மெதுவாக மேலே போனது. இலையை விலக்காமல் அதற்கு அடியில் புகுந்தது. அங்கே சிறிது நேரம் நின்றது.



மொழியம்மா தன் முந்தானை ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்தார். இலைக்கு அடியில் அதைக் காம்பைச் சுற்றி இரண்டு சுற்று சுற்றிக் கட்டினார்.

“முதல் காய் விதைக்கு. பறிக்காண்டாம்.”

“அம்மா, காய் கண்ணுல பட்டா பேசுவோம்னீங்க.”

“முத்தட்டும். பேசுவோம்.” இரண்டடி போய்த் திரும்பினார். “தண்ணி ஊத்துறத மட்டும் விட்டுராதீங்க அண்ணாச்சி.”

அப்படியாக, கொம்பையா சந்தையில் வாங்கிய காய்க்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்.

காலையில் ஊற்றினார். மாலையில் ஊற்றினார். குனிந்த தலை நிமிராமல் ஊற்றினார். பந்தலை அண்ணாந்து பார்க்க அவருக்குத் தெம்பில்லை. கழற்றி எறிந்துவிடலாம் என்றால் துணி கட்டியிருக்கிறது. துணி கட்டிய காய் எங்கே என்று பகவதி கேட்பாள். பகவதி கேட்டால் அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும்.

காய் முதலில் வாடியது. பிறகு கழுத்துப் பக்கம் தொய்ந்தது. எறும்பு ஏறியது. ஈ வந்தது.

“முத்துற காய் இப்படியா நாறும்?” என்று பகவதி மூக்கைப் பிடித்தாள்.

“வெயிலு” என்றார் மொழியம்மா.

கொம்பையா வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். கன்னத்தில் ஓர் அறை வாங்கியிருந்தால் இதைவிட நிம்மதியாக இருந்திருக்கும்.

ஒருநாள் சண்முகத்தாய் வந்தாள். ஓடைக்கு அந்தப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்த பெண். மொழியம்மாவைப் பார்க்க வந்தவள், கொம்பையாவின் கைராசியைப் பகவதி வாயால் கேட்டுவிட்டு, நேரே பந்தலுக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, இந்தக் காய்ல எனக்கு நாலு விதை வேணும்.”

“எதுக்கும்மா?”

“எங்க வீட்ல நான் எதை ஊன்றினாலும் கருகிருது. போன வருசம் அவரைக் கருகிச்சு. இந்த வருசம் பாகல், சுரை எல்லாம் போச்சு. என் கை ஆகாத கையாம். எங்க மாமியார் என்னை விதையைத் தொடவிடுறதில்ல. மாட்டுக்குத் தண்ணி வைக்கக்கூட விடுறதில்ல. உங்க கைபட்ட விதைன்னா முளைக்கும்லா? முளைச்சுட்டா அவங்க வாய் அடைஞ்சுரும்.”

கொம்பையா மொழியம்மாவைப் பார்த்தார்.

“அண்ணாச்சி காய். அண்ணாச்சிகிட்டயே கேளு” என்றார் மொழியம்மா.

சண்முகத்தாய் கொம்பையாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி” என்றார் கொம்பையா.

அவள் சட்டென்று அவர் வலது கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாரல் விழுந்ததும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

கொம்பையா கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினார். சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவினார். அன்று சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவருக்கு அந்தக் கையைச் சோற்றில் வைக்க முடியவில்லை. இலையை அப்படியே மூடிவிட்டு எழுந்தார். தன்மேல் அவருக்கு அவ்வளவு அருவருப்பாக இருந்தது.

பிஞ்சில் பறித்த சந்தைக் காய் அது. அதில் விதை ஏது? ஏதாவது ஒரு விதையைக் கொடுத்து அனுப்பினாலும், அது முளைக்காமல் போனால் பழி யார் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். கைராசிக்காரர் கொடுத்த விதையும் அவள் கைபட்டுக் கருகியது என்பார்கள்.

மலையிடுக்கில் காற்று திரும்பியது. ஒரு காலை நேரம், வெயில் இருக்கும்போதே, பொடியாகச் சாரல் விழுந்தது. பகவதி துவைத்துக் காயப்போட்டிருந்த துணிகளை அள்ளிக்கொண்டு ஓடினாள். மொழியம்மா வாசலுக்கு வந்து, கையை நீட்டி, உள்ளங்கை நனைந்ததைப் பார்த்தார். பகவதியைப் பார்த்துத் தலையசைத்தார். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

கொம்பையா வேட்டி சட்டையைப் பையில் திணித்தார். சொல்லாமல் போய்விடுவது என்று முடிவுசெய்திருந்தார். வாய் பேசாதவரிடம் சொல்லிக்கொண்டு போவதும் சொல்லாமல் போவதும் ஒன்றுதான் என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் பேசிக்கொண்டார்.

வேலிப் படலைத் திறந்தால் எதிரே சண்முகத்தாய் நிற்கிறாள். தலையில் முந்தானை. கையில் சாம்பல் நிரப்பிய சிரட்டை, நனையாமல் இன்னொரு கையால் மூடியபடி.

“விதை எடுத்தாச்சா அண்ணாச்சி?”

இன்னும் முத்தவில்லை என்று சொல்லியிருக்கலாம். அழுகிவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகக்கூட இருந்திருக்காது. இரண்டும் அவர் நாக்கு வரைக்கும் வந்தன. அவள் சிரட்டையை மூடியிருந்த விதத்தைப் பார்த்தார்.

“விதை இல்லம்மா.”

“ஏன்?”

“அது என் கொடியில காய்ச்ச காய் இல்ல. சந்தையில வாங்கி நான் கட்டிவிட்டது.”

பகவதி வீட்டுக்குள் உலர்த்தக் கொண்டுபோன துணியோடு அப்படியே நின்றாள். மொழியம்மா வாசலில் நின்றார்.

சண்முகத்தாய் பந்தலைத் திரும்பிப் பார்த்தாள்.

“சந்தைக் காய்க்கா இவ்வளவு நாளும் தண்ணி ஊத்துனீங்க?”

“ஆமா.”

“அப்போ உங்க கொடி?”

“வச்ச பிஞ்செல்லாம் வெம்பி விழுந்துட்டு. ஒண்ணும் நிக்கல.”

“உங்க கைக்கா?”

“என் கைக்குத்தான்.”

சாரலில் அவள் முகம் நனைந்திருந்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கொம்பையாவுக்குத் தெரியவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

“அண்ணாச்சி” என்றாள். “இதை எங்க மாமியார்கிட்ட வந்து சொல்லுவீங்களா?”

 அவள் ஊர், ஓடைக்கு அந்தப் பக்கம். அங்கே சொன்னால் நாளை சந்தைக்குத் தெரியும். அடுத்த சந்தைக்குள் அவர் ஊருக்குத் தெரியும்.

“வந்து சொல்லுதேன்” என்றார்.

மொழியம்மா வாசலிலிருந்து இறங்கினார். நேரே பந்தலுக்குப் போனார். இலையை விலக்கி, தான் கட்டிய துணியை அவிழ்த்தார்.

துணிக்கு அடியில் வாழைநார் முடிச்சு இருந்தது. சுற்றிய இரண்டு சுற்றும் அந்த முடிச்சின் மேலேயே இருந்தன. நாரின் ஒரு நுனிகூட வெளியே தெரியாதபடி இத்தனை நாளும் அந்தத் துணி அதை மூடி வைத்திருந்தது.

கொம்பையா அதைப் பார்த்தார். அவருக்கு மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

மொழியம்மா நாரையும் அவிழ்த்தார். காய் சொத்தென்று கீழே விழுந்தது. அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவிழ்த்த ஈரத் துணியோடு படலுக்கு வந்தார். கொம்பையாவின் வலது கையைப் பிடித்து, மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக் கட்டினார்.

கொம்பையா பையைப் படலுக்கு உள்ளே வைத்துவிட்டு, சண்முகத்தாய்க்குப் பின்னால் நடந்தார்.