கடிபட்ட வயர்

மன்னார்குடிக்குத் தெற்கே, சாலையோரத்தில் டிராக்டர்களுக்கு வயரிங் செய்யும் பட்டறை ஒன்று. நடத்துகிறவர் செண்பகவல்லி, முப்பத்தைந்து வயதுக்காரர். அவரிடம் தொழில் கற்றவர்கள் இன்று நாலு ஊரில் கடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் எல்லோருக்கும் அவர் வாத்தியாரம்மா.

ஐப்பசி பிறந்த மறுநாள் அமிர்தலிங்கம் வந்தார். அவருடைய டிராக்டரை இன்னொரு டிராக்டர் கயிறு கட்டி இழுத்து வந்தது.

“எலி வயரைக் கடிச்சிடுச்சு,” என்றார். “சரி பண்ணிக் குடுத்தா மட்டும் பத்தாது. எனக்கு இந்த வேலையக் கத்துக்குடுங்க. இனிமே எந்த எலியும் என் வண்டிய ஒண்ணும் செய்யக் கூடாது.”

அவருக்கு ஐம்பத்தாறு வயது. பக்கத்து டீக்கடையில் ஒரு வாரம் வைத்துச் சிரிக்க அதுவே போதும். செண்பகவல்லி சிரிக்கவில்லை.

“பானெட்டத் திறங்கண்ணே.”

உள்ளே வயர்க்கட்டு குதறிக் கிடந்தது. தோல் உரிந்து செம்பு தெரிந்தது. ஒன்றோடொன்று உரசிக் கருகிய இடங்களும் இருந்தன. செண்பகவல்லி எஞ்சினுக்கும் தகரத்துக்கும் நடுவில் கையை விட்டு எதையோ அள்ளி, அமிர்தலிங்கத்தின் உள்ளங்கையில் கொட்டினார். எலிப்புழுக்கை. அதோடு நமுத்துப்போன பொரி, ரெண்டு பொட்டுக்கடலை.

“இது யார் வெச்சது?”

“நான்தான். ஆயுத பூஜைக்கு எஞ்சின் மேலயே இலை போட்டு ஒரு படி பொரி படைச்சேன்.”

“அப்பவே எடுக்கலையா?”

“மறுநாள் வண்டிய எடுக்கறப்பதான் எடுக்கறது வழக்கம். அதுவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாதுல்ல.”

“எலிக்கு அது தெரியாதுண்ணே.”

அமிர்தலிங்கம் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்தியாகச் செய்த காரியம் இப்படிப் புழுக்கையோடு கலந்து கையில் கிடக்கிறதே என்று அவருக்கு அழுகை வந்தது.

அன்றே பாடம் ஆரம்பமானது. கருகிய வயர்களை ஒவ்வொன்றாக உருவி எடுக்கச் சொன்னார் செண்பகவல்லி. புது வயரை அளந்து வெட்டவும், முனையைச் சுரண்டி ஈயம் வைத்துப் பற்றவைக்கவும் கற்றுக்கொடுத்தார். டிராக்டர் ஸ்டியரிங்கை முப்பது வருடம் பிடித்துக் காய்ந்த கைகள் அவை. மெல்லிய வயர் அவற்றில் நிற்காமல் நழுவியது.

“முறுக்கி டேப் சுத்திட்டா ஆகாதா?” என்று கேட்டார் அமிர்தலிங்கம்.

“ஆகும். உழவு அதிர்வுக்குப் பத்து நாள் தாங்கும்.”

மறுநாள் இன்னொன்று கேட்டார்.

“அந்த வயர்ல அப்படி என்னதான் ருசி?”

“ருசிக்காகக் கடிக்கல. எலிக்குப் பல்லு வளந்துகிட்டே இருக்கும். எதையாவது கடிச்சுத் தேய்ச்சே ஆகணும்.”

“மருந்து வெச்சுக் கொன்னுடலாமா?”

“கொல்லலாம். செத்த எலி எஞ்சினுக்கு அடியில போய்க் கெடந்தா, மூக்கப் பொத்திக்கிட்டு நீங்கதான் எடுக்கணும்.”

“அப்ப என்னதான் வழி?”

“வண்டி நிக்கறப்ப பானெட்டத் திறந்தே வைங்க. எலிக்கு இருட்டு வேணும், வெளிச்சத்துல தங்காது. ஷெட்ல தவிட்டு மூட்டை இருந்தா வேற எடத்துக்கு மாத்துங்க. நாலு நாளைக்கு ஒருக்காவாவது வண்டியக் கெளப்புங்க. வயர்மேல பிளாஸ்டிக் நெளிகுழாய் போட்டு, கீழ்ப்பக்கம் கம்பி வலை அடிச்சுடலாம்.”

எல்லாவற்றையும் அமிர்தலிங்கம் ஒரு பழைய டைரியில் எழுதிக்கொண்டார். மறுநாளும் எலியைப் பற்றித்தான் கேட்டார். அதற்கடுத்த நாளும் அதே எலிதான். எலியின் ஜாதகத்தைத் தவிர மற்றதெல்லாம் அந்த டைரியில் ஏறிவிட்டது.

ஐந்தாம் நாள் செண்பகவல்லி கேட்டார்.

“எத்தனையோ பேர் வண்டிய எலி கடிச்சிருக்கு. ஒருத்தரும் இப்படி வந்து உக்காந்து படிக்கல. உங்களுக்கு என்னண்ணே ஆச்சு?”

அமிர்தலிங்கம் கையிலிருந்த கட்டிங் பிளேயரைக் கீழே வைத்தார்.

“எங்க ஊர்ல கோசலைன்னு ஒரு தங்கச்சி. வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல. மூணு ஏக்கரையும் அது ஒண்டியாப் பாக்குது. பதினோரு வருஷமா அது வயல்ல என் வண்டியத் தவிர வேற வண்டி எறங்குனதில்ல. குறுவை நெல்லு களத்துல கெடந்துச்சு. ஏத்திக்கிட்டுப் போய்க் கோயில் மண்டபத்துல கொட்டணும். பூஜைக்கு மறுநாள் காலையில வந்து சாவியப் போட்டேன். சத்தமே இல்ல. எலி கடிச்ச வயர் ஒண்ணோட ஒண்ணு உரசி, ராத்திரியோட ராத்திரியா பேட்டரி செத்துக் கெடக்கு. வேற வண்டியக் கட்டி இழுத்துக் கெளப்பலாம்னா, ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் நெல்லோட ஓடுது. பத்து மணிக்கு மழை புடிச்சுது. மூணு நாள் விடல.”

“நெல்லு?”

“மொளச்சுப் போச்சு. வாத்துக்கு அள்ளிப் போட்டுச்சு.”

அவர் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒரு எலி வாத்தியாரம்மா. ஒரு எலி வந்து பதினோரு வருஷத்துப் பழக்கத்தக் கெடுத்துட்டுப் போயிடுச்சு.”

“நெல்லு எப்ப அறுத்தது?”

“பூஜைக்கு மொத நாளே அறுத்தாச்சு.”

“ஏத்திக் குடுங்கன்னு அந்தம்மா அப்பவே கேக்கலையா?”

அமிர்தலிங்கம் துண்டை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

“பூஜை அன்னிக்குச் சாயந்திரம் வந்துச்சு. கெழக்கால வானம் கறுக்குதுண்ணே, ரெண்டு நடை அடிச்சுக் குடுத்துடுங்கன்னு நின்னுச்சு. பூஜை போட்ட வண்டிய இன்னிக்கு அசைக்கக் கூடாது தங்கச்சி, விடிஞ்சதும் மொத நடை உனக்குத்தான்னு சொல்லி அனுப்பிட்டேன்.”

“போயிட்டாங்களா?”

“போயிடுச்சு. முக்கு திரும்புற வரைக்கும் ரெண்டு தடவை திரும்பிப் பாத்துச்சு.”

“அதுக்கப்புறம் நீங்க போய்ப் பாத்தீங்களா?”

“இல்ல. என்ன மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது? இங்க வர்றதுக்கே அந்தத் தெருவ விட்டுட்டு ஆத்தங்கரையாச் சுத்தித்தான் வர்றேன். அது வயல்ல அடுத்து நடவேண்டிய தாளடி நாத்து முத்திக்கிட்டு வருது. இன்னும் உழவு போடல. கோசலை வேற வண்டியையும் கூப்பிடலையாம். வண்டி ரெடியாவட்டும், போறேன்.”

செண்பகவல்லி கட்டிங் பிளேயரை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“அந்த எர்த் வயரப் புடிங்க,” என்றார்.

எட்டாம் நாள் வேலை முடிந்தது. நெளிகுழாய்க்குள் வயர்கள் ஒழுங்காக ஓடின. கம்பி வலையை அமிர்தலிங்கமே வெட்டி முடுக்கியிருந்தார். ஓரத்தில் கொஞ்சம் கோணல். போகட்டும். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. அவர் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு உயிர் வந்தது.

எஞ்சினை நிறுத்தாமலேயே இறங்கி, பட்டறை மூலையில் கிடந்த கழிவுத் தகர டின்னுக்குப் போனார். எலி கடித்த வயர்களைப் பொறுக்கி எடுத்தார். பல் தடம் நன்றாகத் தெரிகிறவையாகப் பார்த்து எடுத்து, செய்தித்தாளில் சுருட்டினார்.

“எதுக்குண்ணே அது?”

“இங்கேர்ந்து நேரா கோசலை வீட்டுக்குத்தான் போறேன். வெறும் வாயால சொன்னா சாக்குச் சொல்றேன்னு நெனைக்கும். கடிச்ச தடத்தக் கண்ணால பாத்தா நம்பும்ல?”

“நம்புவாங்க.”

செண்பகவல்லி அந்தப் பொட்டலத்தை அவரிடமிருந்து வாங்கினார். பிரித்தார். வயர்களை மறுபடியும் டின்னில் கொட்டினார்.

அமிர்தலிங்கம் திகைத்துப்போனார்.

“என்ன வாத்தியாரம்மா? அது இல்லாம நான் அந்த வாசல்ல நின்னு என்னத்தச் சொல்றது?”

“அந்தம்மா வந்து உங்களக் கூப்பிட்டப்ப, இந்த வயரெல்லாம் நல்லாத்தாண்ணே இருந்துச்சு.”