ஒரிஜினல் கேட்ட ஏஜென்ட்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க, மெர்லின் கதையைச் சொல்றேன். தக்கலைப் பிள்ளை அவள். வியட்நாமில் ஒரு ஸ்கூலுக்கு இங்கிலீஷ் டீச்சராகப் போகணும்னு நாகர்கோவிலில் ஏஜென்ட் சிகாமணி ஆபீசுக்குப் போனாள். அங்கே கூடம் நிறைய ஆட்கள், மடியில் ஆளுக்கொரு ஃபைல்.

சிகாமணி நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "டிகிரி ஒரிஜினல், பாஸ்போர்ட் ரெண்டையும் வச்சிட்டுப் போ. நான் சொல்லாம அங்க எந்த ஸ்கூலும் உன்னை ஏறெடுத்துப் பாக்காது" என்றார்.

டிகிரி ஒரிஜினல் தொலைந்தால் உள்ளூரிலும் வேலை கிடைக்காது. ஆனாலும் மெர்லின் இரண்டையும் மேஜையில் வைத்தாள்.

"வச்சிட்டேன் சார். இனி உங்க பாஸ்போர்ட்டை எங்கிட்ட தாங்க. வேலை கிடைச்சதும் பத்திரமா திருப்பித் தந்திருவேன்."

"என் பாஸ்போர்ட் உனக்கு எதுக்கு?"

"ஒரு நம்பிக்கைக்குத்தான் சார்."

சிகாமணிக்குச் சுர்ரென்று ஏறியது. "முன்னப்பின்ன தெரியாத ஆளுகிட்ட யாராவது ஒரிஜினலைத் தூக்கிக் குடுப்பாங்களா? கொஞ்சமாவது விவரம் வேண்டாமா?" என்று கூடமே கேட்கிற மாதிரி கத்தினார்.

கூடத்தில் இருந்த எல்லாரும் அவரவர் ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்கள்.

"நீங்க சொல்றதுதான் சார் சரி" என்ற மெர்லின், வைத்ததை எடுத்துப் பையில் போட்டாள். வாசலுக்கு வந்து, நெட்டில் அந்த ஸ்கூல் நம்பரைத் தேடி, தானே போன் போட்டு இங்கிலீஷில் பேச ஆரம்பித்தாள்.