நிற்காமல் கடந்த தண்டவாளம்

வழக்கைக் காதில் வாங்கிய மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிடுபவர்கள் இந்தக் கதையைச் சற்று நிதானமாகவே கேட்க வேண்டும்.

பாளையங்கோட்டைத் தங்கையா வாத்தியார் இளவயதில் கிழக்கு ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனவர். மனைவியும் உடன் போனாள். ஏரிக்கரையில் இருந்த ஒரு சிற்றூரில் குடித்தனம். மூத்தவள் கிருபாவதி, அடுத்தவன் ஜெபசிங், கடைக்குட்டி எஸ்தர் என்று மூன்று பிள்ளைகள். எஸ்தர் தவழ்ந்துகொண்டிருந்த பருவத்தில் தாய்க்குக் கடுங்காய்ச்சல் கண்டது. ஏரி நடுவே ஒரு தீவில் மிஷன் ஆஸ்பத்திரி இருந்தது. படகில் கொண்டுபோனார்கள், அவள் திரும்பவில்லை. தீவிலேயே அடக்கம் செய்துவிட்டு, வாத்தியார் பிள்ளைகளோடு ஊர் வந்து சேர்ந்தார்.

தலை நரைத்த பிறகுதான் மூவருக்கும் அந்தக் கல்லறையைப் பார்க்கப் போக வாய்த்தது. வாடகைக் காரை ஜெபசிங் ஓட்டினான். கையில் இருந்தது அந்த ஒரே பகல். மறுநாள் விடிந்தால் விமானம்.

சாலையின் செம்மண்ணும், ஓரத்தில் சுட்ட சோளத்தின் வாசனையும் கிருபாவதியை அப்படியே சிறுமியாக்கிவிட்டன. அந்த ஊர்ப் பாஷைகூட நாவில் தானாக ஊறி வந்தது. முன்பெல்லாம் அப்பா வண்டி ஓட்ட, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தபடி வருவாள். கேட் இல்லாத தண்டவாளம் குறுக்கிட்டால் வண்டியை நிறுத்திப் பார்த்த பிறகே கடக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். அப்பா நிறுத்துவார். அம்மா கண்ணாடியை இறக்கி, "ரயில் கூவுதா, கேளுங்க பிள்ளைகளா" என்பாள். மூத்த இருவரின் தலைகளும் ஜன்னலுக்கு வரும்.

"அக்கா, அந்தா பாரு, நம்ம பள்ளிக்கூடம்!" என்று ஜெபசிங் கூவினான். மூவரும் அந்தப் பக்கமே பார்த்திருக்க, கார் தண்டவாளத்தை நிற்காமல் கடந்தது.

சற்றுத் தள்ளி மரநிழலில் நின்ற போக்குவரத்துக் காவலர் கையைக் காட்டினார். லைசென்ஸை வாங்கித் தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"நிற்காமல் வந்தீர்கள். அபராதம் எழுதும் அதிகாரி சாயங்காலம்தான் வருவார். அதுவரை வண்டி நகரக் கூடாது" என்று ஆங்கிலத்தில் சொன்னவர், குரலைத் தணித்தார். "வெயில் கடுமையாக இருக்கிறது. என் தாகத்துக்கு ஒரு வழி செய்தால், நான் எதையும் பார்க்கவில்லை."

அப்போது பின்னால் ஒரு பயணிகள் வேன் வந்தது. தண்டவாளத்தில் முறையாக நின்று, பார்த்து, கடந்துதான் வந்தது. ஆனாலும் அதன் டிரைவர், கேட்பதற்கு முன்பே காவலர் கையில் எதையோ திணித்துவிட்டுப் போனார்.

ஜெபசிங்குக்கு ரத்தம் கொதித்தது. "நான் நிறுத்தினேன்! ரெண்டு பக்கமும் பார்த்துதான் வந்தேன். காசு பறிக்கப் பொய்க் கேஸா போடுறீங்க? தூதரகத்துக்குப் போன் போடுறேன்" என்று சத்தம் போட்டான்.

காவலர் அசையவில்லை. தீவுக்குக் கடைசிப் படகு பிற்பகலோடு சரி. எஸ்தர் கைப்பையைத் திறந்தாள். கிருபாவதி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேண்டாம், எஸ்தர்."

"விடுக்கா. இவரை நாம என்ன திருத்தவா வந்தோம்?" எஸ்தர் கையை இழுத்துக்கொண்டாள். "உனக்கு அம்மா இருந்தா. பாட்டுப் பாடுவா, கண்ணாடியை இறக்குவான்னு சொல்ல உனக்கு அவ்வளவு இருக்கு. எனக்கு அவ முகமே தெரியாது. எனக்குன்னு இருக்கிறது அந்தக் கல்லு மட்டும்தான். ஒரே ஒரு தடவை நீ கண்ணை மூடிக்கக் கூடாதா?"

 கிருபாவதி ஏரி இருந்த திசையைப் பார்த்தாள். பிறகு இறங்கிப் போய், காவலரிடம் அவர் பாஷையிலேயே பேசினாள்.

"என் தம்பி நிறுத்தவில்லை. தவறு எங்களுடையது. அதிகாரி வந்து அபராதம் எழுதட்டும். வண்டியோடு நான் இருக்கிறேன், இவர்கள் போகட்டும்."

"நீ எதுக்குக்கா? ஓட்டினது நான், நானே இருக்கேன்" என்றான் ஜெபசிங்.

"உனக்கு இந்தப் பாஷை தெரியாது. தெரிஞ்ச பாஷையிலயும் சண்டைதான் போடுவ. இவளைக் கூட்டிக்கிட்டுப் போ."

அடுத்த வேனில் இருவரும் ஏறினார்கள். எஸ்தர் திரும்பிப் பார்க்கவில்லை. கிருபாவதி மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தாள். மாலையில் அதிகாரி வந்தார், அபராதத்தை வாங்கினார், ரசீதையும் லைசென்ஸையும் கொடுத்தார். அவள் பார்க்க வந்த கல்லறையை அவள் பார்க்கவேயில்லை.

பொழுது சாயும் வேளையில் இருவரும் திரும்பி வந்தார்கள். எஸ்தர் முன் இருக்கையை விட்டு, பின்னால் அக்காவுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்தாள். கார் கிளம்பியது. பிறகு, "கல்லுல அம்மா பேர்ல ஒரு எழுத்து தப்பா இருக்குக்கா" என்றாள். "பக்கத்துல ஒரு கொய்யா மரம். யாரோ தினமும் பெருக்குறாங்க போல, சருகே இல்ல."

"இன்னும் சொல்லு" என்று கிருபாவதி கண்ணை மூடிக்கொண்டாள்.

லஞ்சத்தை மறுத்துப் பொங்கிய தம்பி, தாயைக் காணத் தவித்த தங்கை, உண்மையைச் சொல்லித் தங்கிவிட்ட அக்கா. தீர்ப்புச் சொல்ல வந்தவர்களே, இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: ஜெபசிங் லஞ்சத்தை எதிர்த்தது நியாயம்தான், ஆனால் பொய்யைக் கொண்டு எதிர்த்தான். லஞ்சம், அபராதம் இரண்டிலிருந்தும் தப்பப் பார்த்தான். எஸ்தரின் ஏக்கத்தில் குறையில்லை. ஆயினும், நாம் ஒருநாள் அவசரத்துக்குக் கொடுத்துப் பழக்குவதை, முறையாக நின்று வந்த வேன்காரர் தினந்தினம் கொடுத்து அழுகிறார். சரியாகச் செய்தவள் கிருபாவதிதான். லஞ்சம் கொடுக்காதது மட்டும் அதற்குக் காரணம் என்றால் பாதி விடைதான். தன் நேர்மைக்கு ஆன செலவைத் தங்கையின் தலையில் கட்டாமல், தன்னிடம் இருந்ததிலேயே அருமையானதை எடுத்துக் கொடுத்தாளே, மீதி விடை அதுதான்.