ஸ்லோ பலகையும் மாசிலாமணி கல்யாணமும்

கோணப்பட்டிக்காரர்கள் யார் சொல்லையும் தட்டமாட்டார்கள். சொன்னது ஒரு பலகையாக இருந்தாலும் சரிதான்.

மாசிலாமணிக்கு அன்று கல்யாணம். கார்த்திகையின் கடைசி முகூர்த்தம். இதை விட்டால் தை பிறக்கவேண்டும், அதுவரை பெண்வீட்டார் பொறுப்பார்களா என்பதுதான் அவன் கவலை. அக்கா செங்கமலத்தோடு அவன் உட்கார்ந்திருந்த மாட்டுவண்டி பெண்ணின் ஊரெல்லைக்கு வந்தபோது, சாலையோரம் ஆங்கிலத்தில் ஒரு பலகை நின்றது.

பட்டணம் போய்வந்த தாய்மாமன் வேதாசலம் எழுத்துக்கூட்டினார். "ஸ்லோ. மெதுவாப் போன்னு அர்த்தம்."

வண்டியோட்டிய அக்கா புருஷன் துரைக்கண்ணு யோசித்தான். "மெதுவாத்தானே வந்துக்கிட்டிருக்கோம்? வேகமா வர்றவனைத்தானே மெதுவாப் போகச் சொல்லமுடியும்?"

"நியாயம்தான். திருப்பு வண்டியை. வேகமா வந்து, இங்க மெதுவாகணும். அதான் முறை. நான் இங்க நின்னு பார்க்கிறேன்."

"முகூர்த்தம் போயிடும் மாமா!" என்றான் மாசிலாமணி.

"முறை தப்பிக் கட்டுற தாலி செல்லுமாடா?"



வண்டி திரும்பிப் போய், பறந்து வந்தது. பலகையருகே மாப்பிள்ளை மட்டும் வாய்க்காலில் விழுந்து வேகம் குறைந்தான். மாடுகள் ஊருக்குள்ளிருந்த கோயில்வரை போய்த்தான் நின்றன.

"முன்னால ஓடுன குத்தத்தைப் பின்னால நடந்துதான் கழிக்கணும்!" என்று மாமா கத்தினார். "மெதுவா!"

துரைக்கண்ணு மாடுகளைப் பின்பக்கமாகவே நடத்தத் தொடங்கினான்.

அப்போது பெண்ணின் அப்பா, மணப்பெண் பூங்காவனத்தையும் புரோகிதரையும் இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். "நேரம் முடியப்போகுது, வேகமா வாங்க!"

மாமா பலகையைக் காட்டி அர்த்தம் சொன்னார். சம்பந்தி பலகையைக் கும்பிட்டார். "தெரியாம ஓடியாந்துட்டேனே!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, திரும்பிப் போய் மெதுவாக நடந்துவந்தார்.

"இங்கேயே கட்டிடுப்பா," என்றார் புரோகிதர்.

முகூர்த்தம் முடியுமுன் ஈரவேட்டியோடு மாசிலாமணி முதல் முடிச்சைப் போட்டான். அப்பாடா என்றிருந்தது. மற்ற இரண்டு முடிச்சும் நாத்தனார் போடவேண்டியவை. நாத்தனார் செங்கமலம் பின்பக்கமாக வந்துகொண்டிருந்த வண்டியில் இருந்தாள்.

தை பிறந்துவிட்டது. மாசிலாமணி தாலிக்கயிற்றின் இரண்டு நுனிகளையும் விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"அண்ணி தெரியுறாங்களா?" என்று பூங்காவனம் தினமும் கேட்கிறாள்.

"முதுகு தெரியுது," என்கிறான் அவன்.