புளியங்குட்டைத் தொட்டியைக் கொதிக்க வைத்த கதை

புளியங்குட்டையில் ஒரு ஊர் நலச் சங்கம் இருந்தது. அதையும் தாங்கிக்கொண்டு ஊர் நலமாகத்தான் இருந்தது. தலைவர் சென்னியப்பன், செயலாளர் திருமூர்த்தி, பொருளாளர் நாச்சிமுத்து. இந்த மூவரும் ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னால்தான் அந்த ஊரில் எதுவும் செய்தி.

ஆடி மாதம் காய்ச்சல் பரவியது. ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பிள்ளைகள். டாக்டரம்மா ரெஜினா மூவரையும் கூப்பிட்டு, கோளாறு தண்ணீரில்தான், ஊர்த் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், உடனே ஏற்பாடு செய்யுங்கள் என்றார். பாவம், அவர் ஊருக்குப் புதுசு.

சங்கக் கொட்டகையில் அவசரக் கூட்டம் கூடியது.

“ஊர்த் தண்ணி எங்கீங்க இருக்குது?” என்றார் தலைவர்.

“மேல்நிலைத் தொட்டியிலீங்க,” என்றார் செயலாளர்.

“அப்ப அதைத்தான் கொதிக்க வெக்கோணும்.”

வீட்டுக்கு வீடு காய்ச்சினால் கேஸ் வீண் என்று பொருளாளரும் ஒத்துக்கொண்டார். தொட்டியைத் தூண்மேல் கட்டியதே அடியில் அடுப்பு வைக்கத்தான் என்பது இத்தனை வருஷமாக யாருக்கும் தோன்றவில்லையே என்று தலைவர் வருந்தினார்.

ஆட்டோ கிளம்பியது. இன்று தொட்டி கொதிக்கும், குழாயைத் திறந்து கையைச் சுட்டுக்கொள்ள வேண்டாம், ஆளுக்குக் கொஞ்சம் விறகு தரவும் என்று அறிவிப்பு. ஊரும் சளைத்ததல்ல. தென்னமட்டை, உடைந்த கட்டில், பழைய தேர்தல் தட்டி எல்லாம் வந்து குவிந்தன. ஒருவர் டீத்தூள் பொட்டலத்தோடு வந்து, கொதி வந்ததும் சொல்லுங்கள் என்று ஓரமாக உட்கார்ந்தார்.

தீ நன்றாகப் பிடித்தது. முக்கியமாக, பக்கத்திலிருந்த சங்கக் கொட்டகையில் பிடித்தது. நாச்சிமுத்து தொட்டிக் குழாயைத் திறக்க ஓடினார். தலைவர் தடுத்தார்.

“அது கொதிக்கற தண்ணியாச்சே. தீயே சூடு. அதுமேல சுடுதண்ணியை ஊத்துனா சூடு ஏறுமா, எறங்குமா?”

நியாயமான கேள்வி. ஏறும் என்றார் செயலாளர். பச்சைத் தண்ணீர் பக்கத்து ஊரில் கிடைக்கும் என்றார் பொருளாளர். யார் போவது என்று பேசி முடிப்பதற்குள் கூரை, நாற்காலி, பெயர்ப்பலகை எல்லாம் எரிந்து, தீ தானாகவே அணைந்தது. பதறாமல் இருந்ததால்தான் அணைந்தது என்று மூவரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள்.

புகையைப் பார்த்து டாக்டரம்மா ஓடி வந்தபோது, தலைவர் ஏணியில் ஏறித் தொட்டிக்குள் முழங்கை வரை கைவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது முகம் செத்துப்போயிருந்தது.

“சில்லுனு இருக்குதப்பா.”

டீத்தூள்காரர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். திருமூர்த்திதான் வெகுநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

“அப்ப, கொதிச்சு ஆறியே போச்சுங்க.”

தலைவருக்கு உயிர் வந்தது. கொதித்து ஆறிய குடிநீர் தயார், மறுபடி யாரும் காய்ச்ச வேண்டாம், குளிக்கச் சுடுதண்ணீர் வேண்டியவர்கள் முன்னாடியே வந்திருக்க வேண்டும் என்று ஆட்டோ உடனே கிளம்பிவிட்டது.

டாக்டரம்மா தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். இவருக்கும் காய்ச்சல் வந்துவிட்டதே என்று பதறிப்போன தலைவர், குழாயைத் திறந்து ஒரு செம்பு பிடித்து நீட்டினார்.

“தைரியமாக் குடிங்கம்மா. கொதிச்ச தண்ணிதான்.”