தண்ணீரை வாக்கிங் அனுப்பிய தெரு

"என் ரெண்டு டிரம் தண்ணி எங்கேன்னு கேட்டா, ஏழாம் நம்பர் வீட்டுப் பக்கம் நடந்துக்கிட்டிருக்குன்னு பதில் சொல்றாங்க! இது தெருவா, இல்ல வேற எதாவதா?"

சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சங்கத் தலைவர் தணிகாசலத்தின் வாசலில் நின்று ஜெசிந்தா சொன்னது இதுதான். ஒரு எழுத்து கூட்டவில்லை, குறைக்கவில்லை. சத்தத்தைத்தான் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். அதை அப்படியே எழுதினால் காகிதம் தாங்காது.

தலைவர் பதறவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஏழாம் நம்பர்ல இருக்காதே ஜெசிந்தாம்மா. இந்நேரம் எட்டுக்குப் போயிருக்கும். தட்டு அடிச்சாச்சே."

இது எப்படி ஆரம்பித்தது என்று சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அந்தத் தெருவில் அத்தனை பேருக்கும் திடீரென்று மூளை கழன்றுவிட்டது என்று நினைத்துக்கொள்வீர்கள். கழன்றது உண்மைதான். ஆனால் முறையாகக் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு கழன்றது.

பூவரசன்பேட்டை நகராட்சி, அன்னை நகர் இரண்டாவது தெரு. மொத்தம் பதினாலு வீடு. குழாயில் எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் வரும், அதுவும் ஒன்றரை மணி நேரம். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் டிரம், அண்டா, குடம், பிளாஸ்டிக் வாளி, பாப்பா குளித்த டப் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்திருப்பார்கள்.

அந்தத் தெருக்காரர்களைப் போல நகராட்சிக்கு அடங்கி நடக்கும் ஜனங்களை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். போன வருஷம் ஒலிபெருக்கியில், "வண்டி வரும்வரை குப்பைக் கூடையைத் தெருவில் வைக்காதீர்கள்" என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அன்றைக்குப் பார்த்து வண்டி பஞ்சர். பதினாலு வீட்டு ஆட்களும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஆபீஸ் போய்விட்டுச் சாயந்திரம் திரும்பி வந்தார்கள்.

இப்படிப்பட்ட தெருவுக்குத்தான் திங்கட்கிழமை கொசு ஒழிப்புப் பணியாளர் செண்பகவடிவு வந்தாள். டார்ச் அடித்து டிரம்களைப் பார்த்தாள்.

"எங்கயும் தண்ணி நிக்கக் கூடாது. நின்னா கொசு முட்டை போடும். நல்லா துணி கட்டி மூடி வைங்க. சனிக்கிழமை பதினோரு மணிக்கு ஆய்வாளர் சார் வர்றாரு. நிக்கற தண்ணியில புழுவைப் பாத்தாருன்னா குழாய் கனெக்‌ஷனைக் கட் பண்ணிடுவாங்க. அப்புறம் என்னைச் சொல்லாதீங்க."

ஐந்தாம் நம்பர் ஜெசிந்தா வீட்டுக்குப் போய் இரண்டு டிரம்மையும் தேய்த்துக் கழுவி, அன்றைக்குக் குழாயில் வந்த தண்ணீரைப் பிடித்து, வேட்டித் துணியை இறுக்கிக் கட்டினாள். கால் மணி நேர வேலை. மற்ற பதிமூன்று வீடுகளும் அதற்காகச் சங்கத்தைக் கூட்டின.

வியாழக்கிழமை சாயந்திரம் தலைவர் வீட்டுக் கார் ஷெட்டில் கூட்டம். கார் கிடையாது, ஷெட் மட்டும்தான்.

"தண்ணி நிக்கக் கூடாதுன்னு உத்தரவு. என்ன பண்ணலாம்?" என்றார் தலைவர்.

"மூடி வைக்கச் சொன்னாளே" என்றாள் ஜெசிந்தா.

"மூடி வெச்சா உள்ள அது நிக்குதா, நடக்குதான்னு ஆய்வாளருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் செயலாளர் கோதண்டம். மினிட்ஸ் நோட்டும் இரண்டு பேனாவும் இல்லாமல் அவர் எங்கும் போக மாட்டார். "எதையோ ஒளிச்சு வெச்சிருக்கோம்னுதான் நெனைப்பாரு."

"கலக்கிக்கிட்டே இருந்தா நிக்காது" என்றாள் நாலாம் நம்பர் விசாலாட்சி. "நான் திங்கக்கிழமைலேருந்து கரண்டியால கலக்கிக்கிட்டுத்தான் இருக்கேன். வலது தோள் போச்சு. இப்போ அவர் இடது கையால கலக்கறாரு."

"சரி, மத்தியானம் கண் அசந்துட்டா?"

"அந்த நேரம் கொசுவும் அசந்திருக்கும் இல்ல?"

"டெங்கு கொசு பகல்லதான் கடிக்கும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு."

"அது கடிக்கறது. முட்டை போடறது எப்போ?"

இதற்குப் பதில் சொல்லும் அனுபவம் கூட்டத்தில் யாருக்கும் இல்லை. முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று. வீட்டில் ஜெசிந்தா அடுப்பில் குழம்பை வைத்துவிட்டு வந்திருந்தாள்.

"ஐயா சாமிகளா, ஒண்ணு பண்ணுங்க. தண்ணியை நிக்கவே விடாதீங்க. ஒரு வீட்டுலேருந்து அடுத்த வீட்டுக்கு, அங்கேருந்து அதுக்கடுத்த வீட்டுக்குன்னு தெருவைச் சுத்தி வாக்கிங் கூட்டிட்டுப் போங்க. அதோட உடம்புக்கும் நல்லது!"

சொல்லிவிட்டுக் கிளம்பியவள், திரும்பிப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாள். அத்தனை பேர் முகத்திலும் பக்தி. கோதண்டம் பேனா மூடியைத் திறந்து, "ஜெசிந்தா அம்மையார் முன்மொழிய, விசாலாட்சி அம்மையார் வழிமொழிய" என்று எழுத ஆரம்பித்திருந்தார்.

இதில் ஜெசிந்தாவுக்கு ஒரு பெரிய சங்கடம் இருந்தது. சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு அவளுடைய நாத்தனார் லூர்தம்மாள் குடும்பத்தோடு வருகிறாள். ஆறு பேர். போன தடவை வந்தபோது தண்ணீர் தீர்ந்துபோயிற்று. ஊருக்குத் திரும்பிய லூர்தம்மாள் சொந்தம் ஒன்று விடாமல் போன் போட்டு, "தம்பி வீட்டுல கை கழுவக்கூடத் தண்ணி குடுக்கல. இலையிலேயே துடைச்சுக்கிட்டு வந்தோம்" என்று சொல்லியிருந்தாள். ஒரு வருஷம் ஆகியும் கல்யாணம், கருமாதி எங்கே போனாலும் ஜெசிந்தாவின் காதில் இந்த இலைதான் விழும். அதனால் இந்த முறை திங்கட்கிழமையிலிருந்தே அரை வாளியில் குளித்து, பாத்திரம் கழுவிய தண்ணீரில் வாசல் தெளித்து, முழுசாக இரண்டு டிரம் சேர்த்து வைத்திருந்தாள். அடுத்த தண்ணீர் செவ்வாய்க்கிழமைதான்.

சனிக்கிழமை காலை மீன் வாங்க மார்க்கெட் போய்விட்டுத் திரும்பினால், டிரம்மில் கட்டிய துணி கொடியில் காய்கிறது. கணவர் அருளப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சட்டையில் 'தன்னார்வலர்' அட்டையைக் குத்திக்கொண்டு நிற்கிறார். டிரம்மில் முக்கால் அளவுக்கு மஞ்சளாக ஏதோ இருக்கிறது. மேலே நாலு உளுந்து மிதக்கிறது.

"ஏங்க, நம்ம தண்ணி எங்கே?"

"கெளம்பிடுச்சு ஜெசி."

"அப்போ இது?"

"இவங்க நாலாம் நம்பர்லேருந்து வந்திருக்காங்க. இப்போ கெளம்பிடுவாங்க."

"யாரைக் கேட்டுத் தூக்கிக் குடுத்தீங்க?"

"நீதானே முன்மொழிஞ்சே! மினிட்ஸ்ல உன் பேருதான் மொதல்ல இருக்கு. எனக்கு எவ்வளவு பெருமையா இருந்துச்சு தெரியுமா?"

ஏற்பாடு மிகவும் கச்சிதம். கால் மணிக்கு ஒரு தடவை கோதண்டம் தெருமுனையில் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடிப்பார். உடனே ஒவ்வொரு வீடும் தன்னிடம் உள்ள தண்ணீரையெல்லாம் வலது பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட வேண்டும். பதினாலாம் நம்பர் தெருவைக் கடந்து ஒன்றாம் நம்பருக்குக் கொடுக்கும். இதைக் கேட்டுத்தான் ஜெசிந்தா மீன் பையோடு தலைவர் வீட்டுக்கு ஓடினாள், நாம் முதலில் பார்த்தபடி.

"ஏம்மா பதர்றீங்க?" என்றார் தலைவர். "ஒரு சுத்து முடிஞ்சா உங்க தண்ணி உங்ககிட்டயே வந்துடும். பத்தரைக்குள்ள வந்துடும். அது எங்கம்மா போயிடும்? நம்ம தெருத் தண்ணி."

ஜெசிந்தா விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். பத்தரைக்கு வந்துவிட்டால், பன்னிரண்டு மணிக்கு வரும் நாத்தனாருக்கு மீன் குழம்பு வைத்துவிடலாம். பல்லைக் கடித்துக்கொண்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வருகிற தண்ணீரையெல்லாம் முகர்ந்து பார்த்து அனுப்பினாள்.

ஒரு சுற்றில் விபூதி வாசனை வந்தது. அடுத்த சுற்றில் பினாயில். அதற்கடுத்து ஒரு வாளியில், பதினோராம் நம்பர் பெரியவரின் பல்செட் சிரித்துக்கொண்டே வந்தது. எடுத்துக் கொடுக்கலாம் என்று ஜெசிந்தா கை விடுவதற்குள் தட்டு அடித்துவிட்டார்கள். பெரியவர் தன் பல் எந்த நம்பரில் இருக்கிறது என்று வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு போனார். பல் இல்லாததால் அவர் என்ன கேட்கிறார் என்று யாருக்கும் புரியவில்லை. எல்லாரும் மரியாதையாக ஆளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்கள்.

பத்தரைக்கு ஜெசிந்தாவின் தண்ணீர் வந்து சேர்ந்தது. இரண்டு டிரம் கிளம்பியது, ஒரு வாளி திரும்பி வந்தது.

"மீதி எங்கே?" ஜெசிந்தாவின் குரலில் நாலு காக்காய் பறந்துபோயின.

தலைவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார். கோதண்டமும் பார்த்தார்.

"நடந்தா மெலியத்தானேம்மா செய்யும்?" என்றார் தலைவர். "டாக்டர் சொன்னாருன்னு நானே ஒரு மாசம் நடந்து நாலு கிலோ குறைஞ்சேன்."

"அதுவும் வெயில்ல நடந்திருக்கு" என்றார் கோதண்டம்.

மெலிந்த மிச்சமெல்லாம் எங்கே போயிற்று என்பது அடுத்த நிமிடம் தெரிந்தது. "ஐயையோ! தண்ணி நிக்குது!" என்று விசாலாட்சி அலறினாள். ஒன்பதாம் நம்பர் வாசலில் தெரு கொஞ்சம் பள்ளம். அன்றைக்குச் சிந்தியது, வழிந்தது, தடுக்கி விழுந்து கொட்டியது எல்லாம் அங்கே வந்து கணுக்கால் அளவுக்குக் குளமாகத் தேங்கியிருந்தது.

மணி பத்தே முக்கால். ஆய்வாளர் வர இன்னும் கால் மணிதான்.

"விளக்குமாறு!" என்று கத்தினார் தலைவர். வாளிகளில் மிஞ்சியதும் நின்றுவிடக் கூடாது என்று பள்ளத்திலேயே கொட்டிவிட்டு, தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒற்றைப்படை வீடுகள் தண்ணீரை வடக்கே தள்ள, இரட்டைப்படை வீடுகள் தெற்கே தள்ளின. பள்ளத்துத் தண்ணீர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, போகவும் இல்லை.

"சாக்கடைப் பக்கம் தள்ளித் தொலைங்களேன்!" என்று ஜெசிந்தா கத்தினாள்.

"சாக்கடையில அடைப்பும்மா" என்றார் கோதண்டம் பெருக்கிக்கொண்டே. "அங்க போனா நின்னுடும்."

சரியாகப் பதினோரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். பின்னால் டார்ச்சோடு செண்பகவடிவு. பதினாலு வீட்டு டிரம், அண்டா, குடம், டப் எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஒவ்வொன்றும் கருவாடு மாதிரி காய்ந்து கிடந்தது. ஆய்வாளர் வெளியே வந்து குளத்தைப் பார்த்தார்.

"இங்க தண்ணி..."

"நிக்கல சார்!" என்றது தெரு, ஒரே குரலில். விளக்குமாறுகள் சளக் சளக்கென்று ஓடின.

ஆய்வாளர் குளத்தைச் சுற்றி வந்து பார்த்தார். அவரால் மறுக்க முடியவில்லை. அது எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிற்கவில்லை. 'தேங்கிய நீர்: இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"நல்லது. இப்படியே இருக்கணும். சொல்லாம கொள்ளாம எப்ப வேணா திரும்ப வருவேன்."

"மூடித்தானே வைக்கச் சொன்னேன்..." என்று செண்பகவடிவு முணுமுணுத்துக்கொண்டே அவர் பின்னால் போனாள்.

தெருவே கை தட்டியது. ஆனால் எப்ப வேணா திரும்ப வருவேன் என்று ஆய்வாளர் சொல்லிவிட்டாரே, நிறுத்த முடியுமா? பள்ளத்துத் தண்ணீரை வெயில் குடித்துவிட்டது. வாளிகளில் ஒட்டியிருந்ததையெல்லாம் வடித்துச் சேர்த்ததில் தெருவுக்கே ஒரு குடம் தண்ணீர் மிஞ்சியது. பெரியவரின் பல் அதில்தான் கிடைத்தது. பல்லை எடுத்துவிட்டுக் குடத்தைக் கையோடு கையாகச் சுற்றவிட்டார்கள்.

பன்னிரண்டு மணிக்கு அந்தக் குடம் ஜெசிந்தாவின் இடுப்பில் இருந்தபோது ஷேர் ஆட்டோ வந்து நின்றது. லூர்தம்மாள், அவள் கணவர், மகன், மருமகள், இரண்டு சம்பந்திகள். லூர்தம்மாள் இறங்கியதும் முதலில் பார்த்தது வாசலில் கவிழ்ந்து கிடந்த இரண்டு டிரம்களைத்தான். அவள் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. ஜெசிந்தாவுக்கு அந்தக் கோணல் தெரியும். அது போன் போடப் போகிற கோணல்.

"ஏன் ஜெசிந்தா, இந்தத் தடவையும் இலையிலதானா? தொண்டை காயுது, அதையாவது குடு" என்று குடத்தை வாங்கி, ஆறு பேருமாக ஒரு சொட்டு விடாமல் குடித்து முடித்தார்கள்.

கோதண்டம் தூக்கிய கரண்டி தட்டில் இறங்கவில்லை.

"தலைவரே, தெருத் தண்ணி மொத்தமும் இப்போ இவங்க வயித்துல இருக்கு" என்றார் மெதுவாக.

"ஆமா."

"இவங்க நிக்கறாங்க."

தலைவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "இவங்க நின்னா, தண்ணியும்..."

"சார் திரும்ப வந்தாருன்னா?" என்றாள் விசாலாட்சி.

எல்லாரும் ஜெசிந்தாவைப் பார்த்தார்கள். முன்மொழிந்தவள் அவள்தானே. ஜெசிந்தா கவிழ்ந்த டிரம்மைப் பார்த்தாள், குழம்பாகாத மீனைப் பார்த்தாள், நாத்தனாரின் கோணல் உதட்டைப் பார்த்தாள். கான்வென்டில் சிஸ்டர்கள் சொல்லிக்கொடுத்த அத்தனை பணிவும் அந்த நிமிடத்தில் அவள் முகத்துக்கு வந்து சேர்ந்தது.

"அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. நகராட்சி உத்தரவு. கொஞ்சம் நடக்கணும்."

"எது வரைக்கும்?"

"செவ்வாய்க்கிழமை தண்ணி வர்ற வரைக்கும்" என்றார் கோதண்டம், நோட்டைப் பார்த்து.

தெருவே சுற்றி நின்று மரியாதையாகக் கை காட்ட, ஆறு பேரும் நடக்க ஆரம்பித்தார்கள். அருளப்பன் அக்காவுக்குக் குடை பிடித்துக்கொண்டு கூடவே போனார். சம்பந்திகள் இருவரும், இது இந்த ஊரில் விருந்தாளிகளை வரவேற்கும் வழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் வணக்கம் சொன்னார்கள். நடப்பது ஆட்கள் என்பதால் தட்டு இப்போது அரை நிமிடத்துக்கு ஒரு தடவை. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தயங்கினார்கள், தட்டு அடித்ததும் வலது பக்கத்து வீட்டுக்கு நகர்ந்தார்கள். லூர்தம்மாள் போன் போட இரண்டு முறை பையில் கை விட்டாள். நடந்துகொண்டே அவளுக்கு நம்பர் தேடத் தெரியாது.

மூன்றாவது சுற்றில் அவர்கள் ஐந்தாம் நம்பரைக் கடந்தபோது, ஜெசிந்தா அதே நாற்காலியில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். கோதண்டத்துக்குக் கை வலிக்கிறது என்று தட்டையும் கரண்டியையும் அவளே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். லூர்தம்மாள் நடந்துகொண்டே கெஞ்சினாள்.

"ஜெசிந்தா... கால் விட்டுப்போச்சும்மா. ஒரு அஞ்சே அஞ்சு நிமிஷம், அந்த நாற்காலியில நான் உக்காந்துக்கட்டுமா?"