குப்ளா என்று ஒரு வார்த்தை

கரிச்சான் குருவிக்கு ஒரு பெரிய சிரிப்பு வரப்போகிறது. உங்களுக்கும் வரலாம். ஆனால் இப்போது இல்லை! கரிச்சானே அதைப் பதினெட்டு நாள் அலகுக்குள் அடக்கி வைத்திருந்தது. நாமும் கொஞ்சம் பொறுப்போம்.

அது கடும் கோடை. காட்டில் ஒரே ஒரு குளத்தில்தான் தண்ணீர் இருந்தது. மானும் பன்றியும் முயலும் மயிலும் அங்கேதான் குடித்தாக வேண்டும். முதலையும் அங்கேதான் கிடந்தது. கட்டை மாதிரி கிடக்கும். கட்டை மாதிரியே நகரும்.

அந்தக் காட்டில் எல்லோரும் பேசுவது ஒரே பேச்சுதான். ஆனால் பயந்துவிட்டால் அவரவர் குல அலறல்தான் வாயில் வரும். அடுத்த குலத்தின் அலறலைக் காதில் வாங்குவது மரியாதை இல்லை என்றும் ஒரு வழக்கம். அது அவர்கள் வீட்டுச் சமாச்சாரமாம்!

ஒருநாள் மான் முதலையைப் பார்த்து அலறியது. மான்கள் எல்லாம் ஓடின. பன்றிகள் மரியாதையாகத் தலையைக் குனிந்து குடித்துக்கொண்டே இருந்தன. தாய்ப்பன்றியின் இரண்டாவது குட்டி முதலை வாய்க்குள் போய்விட்டது.

அன்று மாலை எல்லோரும் கூடினார்கள்.

"பார்த்தியே, எனக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று பன்றி மானிடம் அழுதது.

"தொண்டை கிழியக் கத்தினேனே அக்கா!"

"அது உங்க கத்தல்னு நெனச்சேன்..."

இனி ஆபத்து வந்தால் கத்த எல்லோருக்கும் பொதுவாக ஒரே வார்த்தை வேண்டும் என்று முடிவானது. உடனே சண்டை தொடங்கியது.

"எங்க வார்த்தைதான் பழசு!" என்றது மான்.

"எங்களுதுதான் மலை வரைக்கும் கேட்கும்!" என்றது மயில்.

"எங்களுக்கு அலறலே கிடையாது. காலால தரையைத் தட்டுவோம். அதை வெச்சுக்கலாமே?" என்றது முயல். யாரும் அதைச் சட்டை செய்யவில்லை.

கடைசியில் எல்லோரும் கரிச்சானைப் பார்த்தார்கள். மயில் மாதிரி அகவும், மான் மாதிரி அலறும், பன்றி மாதிரி உறுமும் ஒரே ஆள் அதுதான். "எல்லார் குரலும் உனக்கு அத்துப்படி. எது மூத்த வார்த்தைன்னு நீயே சொல்லு" என்றார்கள்.

கரிச்சானுக்கு அலகு அரித்தது.

"நீங்க சொல்றது எல்லாம் கிளை!" என்றது அது, குரலைக் கனமாக்கிக்கொண்டு. "வேர் வார்த்தை ஒண்ணு இருக்கு. ஆதியில முதல் யானை முதல் குழியில விழுந்தப்ப அலறின வார்த்தை. குப்ளாங்குசா!"

"குப்... ளாங்... குசா" என்றது பன்றி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"அப்படி இல்ல! முன்னங்கால் ஒண்ணைத் தூக்கணும். வாலை மூணு தடவை ஆட்டணும். அப்புறம்தான் சொல்லணும்."

"என் வாலை மூணு தடவை ஆட்டி முடிக்கிறதுக்குள்ள பொழுது விடிஞ்சிடுமேப்பா!" என்றது மயில். "முன்னங்காலும் கிடையாது!"

"வழக்கம் அப்படி, மயிலண்ணே. நான் என்ன பண்றது? இருக்கிற காலைத் தூக்குங்க!"

எல்லோரும் ஒற்றைக் காலில் தள்ளாடிக்கொண்டு பயிற்சி செய்தார்கள். கரிச்சானுக்கு வயிறு குலுங்கியது. ஆனால் சிரிக்கவில்லை. இப்போது சிரித்தால் குட்டு உடைந்துவிடும். நிஜமாகவே பதறி, எல்லோரும் ஒரே குரலில் இதைக் கத்தும் நாளில் ஒட்டுமொத்தமாகச் சிரிக்கலாம் என்று வைத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் முயல் முதலையைப் பார்த்தது. கத்தியது. பன்றிகளும் மான்களும் ஒன்றாகக் கரையேறின. ஏழாம் நாள் மயில் பார்த்தது. அன்றும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

கரிச்சானுக்கோ எரிச்சல்! மரத்திலிருந்து இறங்கி வந்தது.

"என்னது அது, 'குப்ளா'வாம்? முழுசா சொல்லணும்!"

"ஓடுறப்ப எங்கப்பா முழுசா சொல்றது?" என்றது முயல். "வாய்க்கு வந்த மட்டும்தான்."

"காலைத் தூக்கலையே?"

"தூக்கினா எப்படி ஓடுறது? அதை ரெண்டாம் நாளே விட்டுட்டோம்!"

பதினெட்டாம் நாள் உச்சி வெயில். கரிச்சான் குளத்தோரம் இறங்கிச் சிறகு சொட்டச் சொட்டக் குளித்துக்கொண்டிருந்தது. எதிர்க்கரையில் திடீரென்று ஒரு சத்தம்.

"குப்ளா! குப்ளா!"

மான் கத்தியது. மயில் கத்தியது. முயல் குதித்துக் குதித்துக் கத்தியது. எல்லோரும் ஒரே குரலில்!

இதோ வந்துவிட்டது அந்தச் சிரிப்பு. கரிச்சான் விழுந்து விழுந்து சிரித்தது. சேற்றில் மல்லாந்து சிரித்தது. அவர்கள் கத்தக் கத்த அதற்குச் சிரிப்பு கூடியது. "குப்ளாவாம்! ஐயோ, யானையாம்! குழியாம்!"

பக்கத்தில் ஒரு கட்டை நகர்ந்து வந்தது.

சளார் என்று தண்ணீர் சிதறியது. தாய்ப்பன்றிதான்! ஓடி வந்த வேகத்தில் மூக்கால் கரிச்சானை நெம்பிக் கரையில் எறிந்தது. கரிச்சான் கிடந்த இடத்தில் முதலையின் வாய் மூடியது. பன்றியின் காதில் பாதி அந்த வாய்க்குள் போயிற்று.

பன்றி உதறிக்கொண்டு மேலே ஏறியது. காதிலிருந்து ரத்தம் வழிந்தது.

"ஏன்டா, அத்தனை பேர் கத்துறோம், சிரிச்சிட்டுக் கெடக்கிறே? காது கேக்கலையா?"

கரிச்சானின் சிரிப்பு நின்றுவிட்டது. "கேட்டுது அக்கா. ஆனா அது... அது சும்மா. யானையும் இல்ல, குழியும் இல்ல. அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. நானா கட்டிவிட்டது."

பன்றி ரத்தம் வழியும் காதை ஒருமுறை உதறிக்கொண்டது.

"அப்படியா? என் மூணாவது குட்டி அந்த வார்த்தையாலதான் இன்னிக்கு உயிரோட இருக்கு" என்றது. "பொய் வார்த்தைன்னு நீ ஒருத்தன்தான் நம்பிட்டு இருந்திருக்கே."

கரிச்சான் தலையைத் திருப்பிக்கொண்டது. மானும் மயிலும் முயலும் பன்றியின் காதைப் பார்க்க இந்தப் பக்கம் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். எதிர்க்கரையில் மான்குட்டி ஒன்று மட்டும் தனியாக நின்று தண்ணீரில் வாய் வைத்தது. அதற்கு நேராக ஒரு கட்டை போய்க்கொண்டிருந்தது.

கரிச்சானுக்கு எத்தனையோ குரல் தெரியும். எதை எடுப்பது என்று யோசிக்க நேரமில்லை. அலகு தானாகத் திறந்தது.

"குப்ளா!"

மான்குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே தாவல்! மேட்டில் ஏறி நின்றது.

கரிச்சான் வாயை மூட மறந்து அப்படியே நின்றது. இத்தனை நாள் ஏமாந்தது யார் என்று அப்போதுதான் அதற்குப் புரிந்தது.

ஒரு சொல்லை யார் வேண்டுமானாலும் கட்டிவிடலாம். அதற்குப் பொருள் கொடுப்பவர்கள் அதை நம்பி ஓடுகிறவர்களும், அதைக் கேட்டு ஓடி வருகிறவர்களுமே.